இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் கார்

2012 கோடையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 70 ரூபாயைத் தாண்டியிருந்தது. டீசல் 45 ரூபாய்க்குள் கிடைத்தது. இந்த இடைவெளியைப் பார்த்து நாடே டீசல் காருக்குத் தாவியது. ஸ்விஃப்ட், டிசையர் டீசல் வண்டிகளுக்கு முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். தினமும் பத்து கிலோமீட்டர்கூட ஓட்டத் தேவையில்லாதவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைமீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. இடைவெளி மெல்லச் சுருங்கியது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசு விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்ததும் மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது. ஃபோக்ஸ்வாகன், ரெனோ, நிஸ்ஸான் ஆகியவையும் அதே வழியில் போயின. ஹோண்டா 2023-இல் விலகியது.

அப்படி வாங்கிய கார்கள் எல்லாம் இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தையில் நிற்கின்றன. மீட்டரில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம், சிலவற்றில் இரண்டரை லட்சம் கிலோமீட்டர். விலையோ மூன்று லட்சம், நான்கு லட்சம் ரூபாய் என்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஓடியிருக்கு?" டீசல் கார் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுத்துவிட்டோம். அதனால் இந்தக் கேள்விக்குத்தான் அதிகமாகப் பொய்ப் பதில் வருகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் நான்குவழிச் சாலையில் போய்வந்த கார் ஒன்று, சராசரியாக மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு லட்சம் கிலோமீட்டரை முடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இன்ஜின் ஓடிய நேரம் சுமார் 2,860 மணி. தியாகராய நகர், அண்ணா சாலை நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்த இன்னொரு கார் 80,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஆனால் அதன் இன்ஜின் 4,000 மணி நேரம் ஓடிவிட்டது. கிளட்ச் மிதித்த எண்ணிக்கை பல மடங்கு அதிகம். இன்ஜின் முழுச் சூடேறுவதற்கு முன்பே அணைக்கப்பட்ட நாள்கள் ஏராளம். மீட்டரை மட்டும் பார்ப்பவர் இரண்டாவது காரைத்தான் எடுத்துக்கொண்டு போவார்.

மீட்டர் எண்ணுக்கு விலை இருக்கும்வரை அதைக் குறைத்துக் காட்டும் தொழிலும் இருக்கும். டிஜிட்டல் மீட்டரில் ஓடிய கணக்கு ஒரு சிறிய நினைவுச் சில்லில் பதிந்திருக்கிறது. அதற்கான கருவி கையில் உள்ளவருக்கு அதை மாற்ற சில நிமிடங்கள் போதும். திருத்திய தடம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வண்டி போன இடத்தில் எல்லாம் தன் கணக்கை எழுதிவைத்துவிட்டுத்தான் வருகிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரைப் பதிவுசெய்கிறார்கள். பதிவு எண்ணைச் சொல்லி, உரிமையாளரையும் உடன் வைத்துக்கொண்டு கேட்டால் சர்வீஸ் வரலாறு கிடைக்கும். பழைய பில்கள், டயர் கடை ரசீது, பேட்டரி வாரன்டி அட்டை எல்லாமே சாட்சிகள். ஆயில் மாற்றிய கடைக்காரர் பானட்டுக்கு அடியிலோ கதவு ஓரத்திலோ ஒட்டும் "அடுத்த சர்வீஸ்" ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்துவிடுபவர்கள் பலர். மீட்டர் 78,000 காட்டும் வண்டியில், ஸ்டிக்கர் 1,45,000-இல் ஆயில் மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பெடல் ரப்பரும் ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரமும் அதிகம் பேசக்கூடியவை. 60,000 ஓடியதாகச் சொல்லும் காரில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தாலோ, எல்லாம் பழசாக இருக்க ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலோ சந்தேகம் வர வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். 2018 மாடல் கார் 30,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிறார்கள். நான்கு டயரும் 2021-இல் தயாரானவை. அப்படியானால் முதல் செட் டயர் எங்கே போயிற்று என்று கேட்பதில் தவறில்லை.

மீட்டரைத் தாண்டி, இன்ஜினிடமே கேட்க வேண்டியவை நிறைய. முதல் பரீட்சை காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது. பார்க்க வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லும்போதே, ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும். போனதும் பானட்டில் கையை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் "இன்னொரு நாள் வருகிறோம்" என்று கிளம்பிவிடுவது நல்லது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 16, 17 மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. ரிங்கோ வால்வோ தேய்ந்து அழுத்தம் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது இந்தக் குளிர் ஸ்டார்ட்தான். நம் ஊர் வெப்பத்தில் நல்ல டீசல் வண்டி சாவியைத் திருப்பிய மறுகணமே பிடித்துக்கொள்ள வேண்டும். நான்கைந்து விநாடி செல்ஃப் அடித்த பிறகு, குலுங்கி, வெண்புகையைக் கக்கியபடி எழுந்தால் ஹீட்டர் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் மூன்றில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாவியை "ஆன்" நிலைக்குத் திருப்பியதும் செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பையோ இணைப்பையோ யாரோ கழற்றியிருக்கிறார்கள். எரிகிற விளக்கைவிட எரியாத விளக்கு மோசமான செய்தி.

புகையின் நிறம் ஊர் மெக்கானிக்குகள் எல்லாரும் படிக்கத் தெரிந்த மொழி. கருப்பு என்றால் டீசல் அதிகம் போகிறது அல்லது காற்று போதவில்லை: ஏர் ஃபில்டர் அடைப்பு, இஜிஆர் வால்வில் கரி, டர்போ குழாயில் கசிவு என்று காரணங்கள் பல, பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, செலவு பெரிது. சூடேறிய பிறகும் விடாமல் வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். அது ஹெட் கேஸ்கட் விவகாரம். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கும் வழக்கம் உண்டு. லேசான ஆவி பரவாயில்லை. குப் குப்பென்று அடித்து, மேலே வைத்த மூடியைத் தள்ளிவிடும் அளவுக்கு வந்தால், "பேக் கம்ப்ரஷன் அடிக்குது" என்பார் மெக்கானிக். பிஸ்டனுக்குப் பக்கவாட்டில் வாயு கீழே இறங்குகிறது, போர் வேலை காத்திருக்கிறது என்பதற்கான அறிகுறி அது. ஆயில் கறுப்பாக இருப்பதை வைத்து மட்டும் பயப்பட வேண்டியதில்லை. டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். மூடியின் உட்புறம் கெட்டியான களிம்பு படிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பணம் உண்மையில் கரையும் இடம் இன்ஜெக்டர். இப்போது சந்தையில் நிற்கும் டீசல் கார்கள் பெரும்பாலும் காமன் ரெயில் வகை. ஸ்விஃப்ட்டில் இருந்த ஃபியட் 1.3 மல்டிஜெட் இன்ஜினில் டீசல் 1,600 பார் வரை அழுத்தம் ஏறி இன்ஜெக்டருக்குப் போகிறது. கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். அந்த அழுத்தத்தில் தூசியோ தண்ணீரோ கலந்த டீசல் வந்தால் நாசிலின் முனையும் உள்ளிருக்கும் சின்ன வால்வும் அரிக்கத் தொடங்கும். டீசல் ஃபில்டரை உரிய நேரத்தில் மாற்றாமல், அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்த வண்டிகளில் இது சீக்கிரமே வரும். புது இன்ஜெக்டர் ஒன்றின் விலை ஐந்து இலக்கத்தில்தான் தொடங்கும். நான்கும் போனால் நான்கு லட்ச ரூபாய் வண்டிக்கு அது சின்னச் செலவு இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. டீசல் பம்ப் ஒர்க்ஷாப்காரர்கள் ரிட்டர்ன் டெஸ்ட் என்பார்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் மெல்லிய குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடிபோலத் தெரியும் டியூபை மாட்டி, நான்கு டியூபையும் அளவு போட்ட நான்கு பாட்டில்களில் விடுகிறார்கள். இன்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் ஓட்டுகிறார்கள். நான்கு பாட்டிலிலும் டீசல் ஒரே அளவில் ஏறினால் நிம்மதி. மூன்றில் ஒரு விரல் உயரமும் நான்காவதில் மூன்று விரல் உயரமும் நின்றால், அந்த நான்காவது இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. டீசல் வேலை தெரிந்த கைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. லாரித் தொழிலை நம்பி வாழும் நாமக்கல், சங்ககிரிப் பக்கம் மட்டுமல்ல, பல மாவட்டத் தலைநகரங்களிலும் இன்ஜெக்டர் லேப் இருக்கிறது. விற்பவர் இந்தச் சோதனைக்குச் சம்மதிக்க மறுத்தால் அந்த மறுப்பையே ரிசல்ட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

கழற்றாமலே பார்க்க ஸ்கேனர் உதவும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் மாட்டினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருக்கும் திருத்த அளவு தெரியும். மூன்று சிலிண்டரில் சொற்பமும் ஒன்றில் மிகையும் இருந்தால் அந்த இன்ஜெக்டர் பலவீனம் என்று பொருள். இதே கருவி இன்னொரு ரகசியத்தையும் சொல்லும்: பிழைக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற கணக்கு பல கார்களில் பதிவாகியிருக்கும். அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், நாம் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ செக் இன்ஜின் விளக்கை அணைத்து வைத்திருக்கிறார்கள். பேட்டரியைப் புதிதாக மாற்றியிருந்தாலும் அப்படிக் காட்டலாம். அதற்கு பில் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது டர்போ. நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுற்றும் ஒரு சின்னத் தண்டு, மெல்லிய ஆயில் படலத்தின்மேல் மிதக்கிறது. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நிறுத்திய கணமே சாவியைத் திருப்பி அணைக்கும் ஓட்டுநரிடம் இந்தத் தண்டு நெடுநாள் தாங்காது. இன்டர்கூலர் குழாயைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தால் லேசான பிசுபிசுப்பு இருக்கும், அது சகஜம். ஆயில் தேங்கி நின்றால் டர்போ சீல் போய்விட்டது. ஓட்டிப் பார்க்கும்போது ஆம்புலன்ஸ் சைரன்போல ஒரு ஊளை எழுந்தால் காரணம் கேட்க வேண்டாம்.

டைமிங் பெல்ட்டா, செயினா என்பதை வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டும். மல்டிஜெட்டில் செயின். மாருதி, டாடா, ஃபியட் மூன்றும் தத்தம் கார்களில் பொருத்திய இன்ஜின் இது. புனே அருகே ரஞ்சன்காவிலும், மாருதிக்குப் பெரும்பாலும் மானேசரிலும் தயாரானது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் செயின் தளர்ந்து, காலை ஸ்டார்ட்டில் சில விநாடிகள் கடகடக்கும். ஹூண்டாயின் 1.4, 1.6 சிஆர்டிஐ வண்டிகளிலும் செயின்தான். டஸ்டர், சன்னி ஆகியவற்றில் இருந்த ரெனோ 1.5 டிசிஐ, ஃபோர்டின் 1.5 டீசல், ஃபோக்ஸ்வாகனின் 1.5 டிடிஐ ஆகியவற்றில் பெல்ட். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இன்ஜின் அங்கேயே முடிந்தது. 2005-இல் வந்த பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் இன்ஜினிலும் பெல்ட்தான். மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று சொல்ல டேஷ்போர்டில் தனி விளக்கே வைத்திருக்கிறார்கள். பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்துவிட முடியும் என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்கு அநேகமாகத் தெரியாது. பெல்ட் மாற்றிய பில் கண்ணில் படாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது தெருமுனைவரை போய்த் திரும்புவது அல்ல. ஏசியைப் போட்டு, நாலு பேரை ஏற்றி, மேடேற வேண்டும். கோவைக்காரர்கள் மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு ஏற்றத்தில் விட்டுப் பார்க்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு மேம்பாலங்களை விட்டால் வழியில்லை. மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் வேகம் ஏற வேண்டும். இன்ஜின் சுற்று மட்டும் ஏறி வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. வெர்னா, எக்ஸ்யூவி-500 போன்ற சில வண்டிகளில் கிளட்சோடு டூயல் மாஸ் ஃபிளைவீலும் சேர்ந்து போகும்; அப்போது செலவு இரண்டு, மூன்று மடங்கு. லோயர் ஆர்ம், புஷ், லிங்க் ராடு சத்தங்கள் இரண்டு லட்சம் ஓடிய எந்த வண்டியிலும் இருக்கத்தான் செய்யும். அவற்றைப் பேரத்துக்குப் பயன்படுத்தலாம், பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது வெள்ளத்துக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் ஏராளம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழு நஷ்டம் என்று எழுதி ஏலம் விட்ட வண்டிகளில் ஒரு பகுதி, கழுவித் துடைத்து வேறு ஊரில் விற்பனைக்கு வந்தது. டீசல் இன்ஜினுக்குள் தண்ணீர் போன நிலையில் ஸ்டார்ட் செய்தால், அழுத்த முடியாத தண்ணீரை அழுத்தப் போய் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு இன்ஜின் ஓடலாம். ஆனால் அந்த சிலிண்டர் மறுபடி முழு அழுத்தத்துக்கு வராது. கண்டுபிடிக்க நறுமணம் தெளித்த இருக்கையை முகர்ந்து பயனில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கோடு தங்கியிருக்கும். இருக்கைக்குக் கீழே உள்ள இரும்புத் தண்டவாளம், ஸ்டெப்னி வைக்கும் குழி, ஃபியூஸ் பெட்டியின் உட்புறம் மூன்றிலும் துருவைத் தேடலாம்.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிப்பது பெட்ரோல், டீசல் எல்லாவற்றுக்கும் ஒன்றே: பானட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம், கதவு இடைவெளிகளின் சமம், பட்டி பார்த்த இடத்தில் ஒட்ட மறுக்கும் காந்தம். பம்பர் கீறலுக்கு வருத்தப்பட வேண்டாம். பில்லரில் வெல்டிங் இருந்தால் விட்டுவிட வேண்டும்.

2020-க்குப் பிந்தைய பிஎஸ்-6 டீசல்களும் இப்போது ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிச் சந்தைக்கு வருகின்றன. இவற்றில் புதுத் தலைவலி டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி. சேர்ந்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். அதற்குப் புகைக்குழாயில் ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று ஓடும் வண்டியில் அந்தச் சூடு வராது. கரி அடைத்துக்கொள்வதோடு, எரிக்கும் முயற்சியில் அதிகம் பாய்ச்சிய டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் உயரும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால், நிறைய ஊற்றிப் பராமரித்திருக்கிறார் என்று மகிழ வேண்டாம். சிலர் டிபிஎஃப்பின் உள்ளிருப்பதையே அகற்றிவிட்டு மென்பொருளை மாற்றி ஓட்டுகிறார்கள். அது சட்டப்படி குற்றம். மாசுச் சோதனையில் மாட்டப்போவது புது உரிமையாளர்.

காகிதங்களில் டீசலுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. டெல்லித் தலைநகரப் பகுதியில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை செய்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் உரிமையாளர்கள்மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று அதே நீதிமன்றம் இடைக்காலமாகச் சொல்வதற்குள், எத்தனையோ வண்டிகள் என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களுக்குக் கிளம்பிவிட்டன. டெல்லிப் பதிவுள்ள ஃபார்ச்சூனர் தமிழ்நாட்டு விலையைவிட லட்சங்கள் குறைவாகக் கிடைப்பது உண்மைதான். இங்கே மறுபதிவு, வாழ்நாள் வரி, அலைச்சல் எல்லாம் கூட்டிய பிறகு அந்த லாபம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பது உத்தமம்.

தமிழ்நாட்டு வண்டியிலும் ஆர்சி புத்தகத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு. 2012 வண்டி வாங்குபவர் 2027-இல் எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டும் என்பதை விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டியா என்பது பதிவு வரலாற்றில் தெரியும். டாக்ஸியாக ஓடியதே ஒரு குற்றம் இல்லை. எட்டியோஸும் டிசையரும் அப்படித்தான் நான்கு லட்சம் கிலோமீட்டர் பார்க்கின்றன. "டாக்டர் வெச்சிருந்த வண்டி சார், சிங்கிள் ஓனர்" என்று சொல்லி விற்பதுதான் குற்றம். வங்கிக் கடன் இருந்தால் ஃபாரம் 35-உம் வங்கியின் என்ஓசியும் கையில் வர வேண்டும். எம்பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ், மாசுச் சான்று, செலுத்தாத அபராதம் பார்த்துவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் எந்த வண்டி என்று கேட்டால், பாகம் கிடைக்கும் வண்டி என்பதே நேர்மையான பதில். மல்டிஜெட்டுக்கு எந்த ஊரிலும் பாகமும் கையும் கிடைக்கும். இன்னோவாவுக்கும் பொலேரோவுக்கும் அப்படியே. ஷெவர்லே 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. பீட் டீசல் ஒன்றரை லட்சத்துக்கு வந்தாலும் சென்சார் ஒன்றுக்கு அலைய நேரிடலாம். ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தாலும் சர்வீஸைத் தொடர்கிறது. ஈகோஸ்போர்ட் டீசல் ஓட்டுவதற்கு அருமையான வண்டி; வாங்குவதற்கு முன் பக்கத்து ஊரில் சர்வீஸ் சென்டர் இன்னும் திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது அவசியம்.

பேசி முடித்த விலைக்கு மேல், அதில் ஆறில் ஒரு பங்கையாவது தனியே எடுத்து வைக்க வேண்டும். நான்கு லட்சத்துக்கு வாங்கினால் சுமார் 67,000 ரூபாய். எல்லா ஆயிலும் எல்லா ஃபில்டரும், பெல்ட் வண்டியானால் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும், கூலன்ட், பிரேக் திரவம், தேவைப்பட்டால் ஓர் இன்ஜெக்டர் என்று முதல் மாதத்திலேயே இது செலவாகும். பணம் கைமாறும் நாளில் ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, வண்டியை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் மீட்டர் எண்ணையும் எழுதி இருவரும் ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள் அவகாசம் இருக்கிறது. பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது அவருடையது.